துண்டு துண்டாக ஒரு யுத்தம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவில் விற்பனையான ஜிக்சோ படப்புதிர்களைப் பழம்பொருள் சேகரிப்போர் இன்றும் ஆசையோடு தேடுகின்றனர். குண்டுவீச்சு விமானங்கள், போர்க்கப்பல்கள், தேசியக்கொடி, ஜெனரல் மெக்ஆர்தரின் முகம் என்பனவே அவற்றின் படங்கள். "இதென்ன, புள்ளைகள்ட விளையாட்டுச் சாமான்தானே" என்று கடந்து போய்விடலாம். ஆனால் பிரசாரச் சுவரொட்டியைவிட இவை ஆழமாக வேலை செய்தன என்பதே எனது கருத்து.

இப்புதிரின் மூதாதையே ஒரு பாடக் கருவிதான். 1760களில் லண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பரி தேசப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோட்டின் வழியே அறுத்து விற்றார். சிறுவர் புவியியல் படிக்கவே அது செய்யப்பட்டது. பின்னர் காட்போட் மட்டையை அச்சுக்கத்தியால் ஒரே அழுத்தில் வெட்டும் முறை பரவியதும் விலை இறங்கியது. 1933 இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் வாரத்துக்கு 10 மில்லியன் புதிர்கள் விற்றதாகக் கணக்குண்டு. 1942 இல் விளையாட்டுப் பொருட்களில் உலோகம் சேர்ப்பதை அந்நாட்டு அரசு கட்டுப்படுத்தியபோது, மட்டையில் செய்தவற்றுக்குக் கடைகளில் இடம் கிடைத்தது.

சுவரொட்டியைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். புதிர் அப்படி விடாது. மணிக்கணக்காக உட்கார்ந்து ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேணும். எது இறக்கை, எது வானம் என்று கண் பழகிவிடுகிறது. கடைசித் துண்டு பொருந்தும்போது வரும் சந்தோஷம் அந்தப் படத்தின் மீதும் ஒட்டிக்கொள்கிறது. யாரோ வரைந்த படம், 'நான் செய்தது' என்றாகிவிடுகிறது.

இன்னொன்று, புதிருக்கு ஒரே விடைதான். துண்டை வேறிடத்தில் வைக்க ஏலாது. விமானம் படத்தில் இருக்கிறது. குண்டு விழும் ஊர் அநேகமாகப் படத்துக்கு வெளியே இருக்கிறது. எல்லாத் துண்டும் சேர்ந்த பிறகும் அந்த ஊர் வராது.

ஹிட்லரை எதிர்த்த யுத்தம் நியாயமானதுதானே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நியாயமான யுத்தத்திலும் குண்டுக்குக் கீழே சனங்கள் இருந்தார்கள். அதே யுத்தத்தில், 1942 ஏப்ரலில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. விமானத்தைக் கீழேயிருந்து பார்த்த ஊர்கள் நம்முடையவை.

இவற்றைச் சேகரிப்பதில் பிழையில்லை. பெட்டி மூடியிலுள்ள படத்தோடு, அதில் இல்லாததையும் சேர்த்து வாசிக்க வேண்டும். நம்முடைய பிள்ளைகளின் கையில் நாம் கொடுக்கும் விளையாட்டுச் சாமானையும் ஒருக்கா அப்படிப் பார்த்தால் நல்லது.