இரைச்சலுக்குள் குரல் தேடும் பாணிகள்

ஹாம் வானொலியில் மெல்லிய சமிக்ஞையை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் கலைக்குப் பல பாணிகள் உண்டு. மூத்தது காதின் பாணி. ஒரே இடத்தில் பல நிலையங்கள் மொய்த்துக் கிடந்தாலும், தேர்ந்த மோர்ஸ் ஆபரேட்டர் தனக்கு வேண்டிய தொனியைப் பிடித்துவிடுவார். ரிசீவரின் அகலத்தை 2500 ஹெர்ட்ஸிலிருந்து 250க்குக் குறுக்கினால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். 10 டெசிபெல் ஆதாயம். அதற்கு மேல் கிடைத்ததெல்லாம் பயிற்சியால் வந்தது. இன்றைய கருவிகளை அளக்கவும் அந்தக் காதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

டிஎஸ்பி (எண்முறைச் சமிக்ஞைச் செயலாக்கம்) வந்தபின் முதலில் கிளைத்த பாணி, காதுக்குத் துணை நிற்பது. 1960இல் ஸ்டான்ஃபோர்டில் விட்ரோவும் ஹாஃபும் வகுத்த எல்எம்எஸ் கணக்கு இதன் அடித்தளம். சற்று முன் வந்த மாதிரிகளைக் கொண்டு அடுத்து வருவதை ஃபில்டர் ஊகிக்கிறது; ஊகம் தவறும்போதெல்லாம் தன்னைத் திருத்திக்கொள்கிறது. தொனிக்குத் தொடர்ச்சி உண்டு, அதனால் ஊகத்தில் சிக்கும், இரைச்சல் சிக்காது. ஊகத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பினால் இரைச்சல் குறைப்பான். ஊகத்தைக் கழித்து மிச்சத்தை அனுப்பினால், பேச்சின் நடுவே வந்து விழும் விசிலை அழிக்கும் ஆட்டோ நாட்ச். அதையே மோர்ஸ் கேட்கும்போது போட்டால், வேண்டிய சமிக்ஞைதான் முதலில் காணாமல் போகும். எது வேண்டியது என்பதைக் கருவி அறியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பாணியில் எதை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். மின்வேலியின் படபடப்பை வெட்டும் நாய்ஸ் பிளாங்கர், குறுகிய ஃபில்டருக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால், அந்தக் கூரிய துடிப்பை ஃபில்டர் இழுத்து நீட்டிவிடும். ஸ்பீக்கர் பக்கம் மாட்டும் டிஎஸ்பி பெட்டியின் குறையும் இதுவே: பக்கத்து நிலையம், ரிசீவரின் பெருக்கத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏஜிசியை ஏற்கெனவே அமுக்கியிருக்கும். அந்த நிலையத்தின் ஒலியைப் பெட்டி நீக்கினாலும், அது அடிக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் நமக்கு வேண்டிய சமிக்ஞை அமிழ்ந்து அமிழ்ந்து எழும்.

மூன்றாவது பாணியில் அனுப்புபவரும் பங்காளி. துடிவிண்மீன் ஆய்வுக்காக 1993இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர், 2001இல் டபிள்யூஎஸ்ஜேடி மென்பொருளைத் தந்தார். 2017இல் ஸ்டீவ் ஃபிராங்கேயுடன் சேர்ந்து எஃப்டி8 முறையைத் தந்தார். இதில் செய்தி 77 பிட். சரிபார்ப்பும் பிழைதிருத்தமும் சேர்ந்து 174 பிட் ஆகி, எட்டுத் தொனிகளில் 12.64 வினாடி ஒலிக்கிறது. தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் இருவருக்கும் முன்பே தெரிந்த ஒரு தொனிக்கோவை வரும். ரிசீவர் முதலில் தேடுவது அதைத்தான்.

எஃப்டி8 ஏறத்தாழ −20 டெசிபெலிலும் படிக்கும் என்பதைக் கேட்டு வியப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எண் 2500 ஹெர்ட்ஸ் அகலத்து இரைச்சலோடு ஒப்பிட்டது. சமிக்ஞை பிடிக்கும் இடமோ 50 ஹெர்ட்ஸ்தான். அந்த வித்தியாசமே 17 டெசிபெல். மிச்சம்தான் குறியீட்டின் சாதனை, அதுவும் சிறியதன்று.

எஃப்டி8க்கு முன்பே, நிலவில் பட்டுத் திரும்பும் சமிக்ஞைகளுக்கு டெய்லரின் ஜேடி65 முறை வந்தபோது, இந்த மரபின் பெரிய வாக்குவாதம் எழுந்தது. அதன் ஆழ்தேடல், கணினியில் உள்ள அழைப்புக்குறிப் பட்டியலை வைத்துச் செய்திகளைப் புனைந்து, வந்த ஒலியோடு பொருத்திப் பார்த்தது. அப்படியானால் பெயர் வானிலிருந்து வந்ததா, பட்டியலிலிருந்து வந்ததா? எதிர்த்தவர்களின் கேள்வி நியாயமானது. எதிர்பார்ப்பைப் பயன்படுத்துவது தவறன்று, மோர்ஸ் காதும் அதைத்தான் செய்தது. ஆனால் எவ்வளவு ஊகித்தது, எவ்வளவு உண்மையில் கேட்டது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதே குடும்பத்து மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் இதைச் செய்கிறது: முன்னறிவைக் கொண்டு படித்த வரியின் கடைசியில் ஓர் அடையாளம் இடுகிறது, நம்பிக்கை குறைந்தால் கேள்விக்குறியும் சேர்க்கிறது. கேள்விக்குறி விழுந்த வரியை நம்பி லாகில் ஒரு தொடர்பை எழுதுவது முறையன்று என்பேன். எஃப்டி8இல் அடுத்த சுற்றுக்கு இன்னும் பதினைந்து வினாடிதான்.