சின்னக் காளானும் பெக்ளர் புத்தகமும்

புதுச்சேரியில் இருந்துகொண்டு காளான் இனம் காண நினைப்பவருக்கு நான் கைகாட்டுவது, டேவிட் பெக்ளரின் இலங்கைக் குடைக்காளான் நூலைத்தான். கியூ தாவரவியல் தோட்டத்தின் வெளியீட்டு வரிசையில் 1986-ல் வந்தது. இலங்கைப் புத்தகம் நமக்கெதுக்கு என்று கேட்கலாம். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டு வகை இலங்கையிலும் உண்டு. புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு நம்ம பக்கத்து மிச்சம்.

உதாரணத்துக்கு டெர்மிடோமைசிஸ் மைக்ரோகார்பஸ். மழைக்குப் பிறகு கரையான் மண்ணில் நூற்றுக்கணக்கில் முளைக்கும் வெளிர்நிறப் பொடிக் காளான். குடை சுமார் 2 சென்டிமீட்டர், நடுவில் சின்ன முனை. 1871-ல் பெர்க்லியும் புரூமும் இதற்கு முதலில் பெயரிட்டது இலங்கை மாதிரிகளை வைத்துத்தான். 1942-ல் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹெய்ம் டெர்மிடோமைசிஸ் பேரினத்தில் சேர்த்தார். இதன் உறவுக் காளான்கள் பலவற்றுக்கு மண்ணுக்குள் புற்றுவரை வேர்போல நீளும் தண்டு உண்டு, இதற்குக் கிடையாது. கரையான்கள் வெளியே கொண்டுவந்து போடும் பூஞ்சைத் தோட்டத் துணுக்குகளிலிருந்து முளைக்கிறது.

இதே அளவில், இதே கூட்டமாக, மக்கிய மரத்தடியில் கோப்ரினெல்லஸ் டிசெமினேட்டஸ் வரும். போட்டோவில் இளசுகள் இரண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். குடையைக் காகிதத்தில் ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்தால் வித்துத்தூள் காட்டிக்கொடுக்கும்: முதலாவது இளஞ்சிவப்பு, இரண்டாவது கருமை. வெள்ளைத்தூள் விழுந்தால் இரண்டுமே இல்லை. லெபியோட்டாவாகக்கூட இருக்கலாம். அந்தப் பேரினத்தின் சில சின்ன இனங்களில் கல்லீரலை அழிக்கும் அமாடாக்சின் உண்டு.

படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகளின் சிக்கல் இங்கேதான். மென்பொருள்காரனாகச் சொல்கிறேன், உள்ளீட்டில் இல்லாத தகவலை எந்த மாடலும் கண்டுபிடிக்காது. வித்துத்தூளும் மண்ணுக்கடியில் இருப்பதும் மேலிருந்து எடுத்த படத்தில் கிடையாது. பெக்ளரோ தூள் நிறம், வித்தின் வடிவம், இதழ் ஒட்டியிருக்கும் விதம் என்று ஒவ்வொரு படியிலும் நம்மைப் பார்க்க வைக்கிறார்.

குறைகளும் உண்டு. நுண்ணோக்கி இல்லாதவர் பாதி வழியில் நின்றுவிடுவார். பெயர்களும் பழசு: அன்று ஒரே பேரினமாக இருந்த கோப்ரினஸ், டிஎன்ஏ ஆய்வுகளால் 2001-ல் பல பேரினங்களாகப் பிரிந்துவிட்டது. அதனால் முறையை இந்தப் புத்தகத்திடமும், பெயரை இன்றைய பட்டியல்களிடமும் வாங்கிக்கொள்ளுங்கள். சமைக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் இரண்டையுமே நம்பாதீர்கள்.