சாட்டையால் நின்றதா?

எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் உறக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுகிறான். தலைமையாசிரியர் அவனைக் குதிரைச் சாட்டையால் அடிக்கிறார். சிறிது காலத்தில் படுக்கை நனைவது நின்றுவிடுகிறது. அடி பலித்துவிட்டது என்று சொல்லலாமா?

இக்கேள்வியை எழுப்புவது ஜார்ஜ் ஆர்வெல்லின் 'சச், சச் வேர் த ஜாய்ஸ்' என்ற நீண்ட கட்டுரை. எரிக் பிளேர் என்ற இயற்பெயர் கொண்ட ஆர்வெல், இன்றைய பீகாரிலுள்ள மோதிஹாரியில் 1903-இல் பிறந்தவர். 1911-இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் இருந்த செயின்ட் சிப்ரியன் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்குப் பட்ட பாட்டைச் சொல்லும் இக்கட்டுரை, 1950-இல் அவர் மறைந்தபின், 1952-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் வெளிவந்தது. அவர் மிகைப்படுத்திவிட்டார் என்று அப்பள்ளியில் படித்த சிலர் மறுத்ததும் உண்டு. அந்த வழக்கை ஒதுக்கிவிட்டு, கட்டுரை கூறுவதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதிலுள்ள காரண காரியத்தை மட்டும் ஆராய்வோம்.

வீட்டில் பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றுபோனது, விடுதிக்கு வந்த சில வாரங்களில் சிறுவனுக்கு மறுபடி தொடங்குகிறது. இரவுதோறும் கடவுளை வேண்டிக்கொள்கிறான், பயனில்லை. அடி விழுகிறது. வெளியே வந்தவன் வலிக்கவில்லை என்று சொன்னது காதில் விழ, மீண்டும் உள்ளே அழைத்து, சாட்டை முறியும்வரை அடிக்கிறார்கள். வலியைவிட ஆழமான வேறொன்று அப்போது அவன் மனத்தில் பதிகிறது: நாம் விரும்பாமலே, அறியாமலே, தவிர்க்க இயலாமலே குற்றவாளி ஆகிவிட முடியும் என்பதே அது. தன்னால் அடக்கமுடியாத ஒன்றுக்குத் தண்டனை பெறும் குழந்தையின் மனத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டிய எழுத்தை நான் படித்ததில்லை. கட்டுரையின் பெருமை இது.

ஆனால் அதே பக்கங்களில் ஆர்வெல் ஓரிடத்தில் சறுக்குகிறார். படுக்கை நனைவது நின்றதைச் சொல்லும்போது, கொடிய வைத்தியமானாலும், கொடுத்த விலை பெரிதானாலும், அது பலித்திருக்கலாம் என்ற பொருள்பட எழுதிவிடுகிறார். 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறார். ஆயினும் பிரம்பை எடுக்கும் கைக்கு அந்த ஒரு சொல்லே போதும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் இப்படி முடிவெழுதினால், நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்த இரண்டில் முன்னது காரணம், பின்னது விளைவு என்றால், காக்கை உட்கார்ந்ததால்தான் பனம்பழம் விழுந்தது என்றாகிவிடும். சிறுவன் வேண்டுதலும் செய்தான், புதிய இடமும் நாளடைவில் பழகிப்போனது, வயதும் கூடியது. இவற்றுள் சாட்டைக்கு மட்டும் புகழ் சேர்ப்பது ஏன்? அடிபடாத சிறுவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்காமல் எதையும் முடிவு செய்ய இயலாது.

அடிபடாதவர்களைப் பற்றி இன்று நமக்குத் தெரியும். ஐந்து வயதில் நூற்றுக்குச் சுமார் 15 குழந்தைகள் படுக்கையை நனைக்கின்றனர். அவர்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு எந்த மருத்துவமும் இல்லாமலே நின்றுவிடுகிறது. பதினைந்து வயதில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரே எஞ்சுகின்றனர். ஆகவே விபூதி பூசினாலும், தாயத்துக் கட்டினாலும், அடித்தாலும், சும்மா இருந்தாலும் பலருக்கு இது நின்றே தீரும். அந்தப் புகழைக் கடைசியாகச் செய்த வைத்தியம் தட்டிக்கொண்டு போகிறது.

மற்றொரு குறையும் உண்டு. வீட்டைப் பிரிந்த குழந்தைக்கு இது இயல்பே என்கிறார் ஆர்வெல். அவரைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பெரும்பாலான குழந்தைகள் அவரைப் போன்றவர்கள் அல்லர். பிறந்ததிலிருந்தே இரவில் நனைப்பதை நிறுத்தாதவர்கள். அவர்களுக்கு அச்சமோ ஏக்கமோ மூல காரணம் அன்று. இரவில் சிறுநீர் சுரப்பைக் குறைக்க வேண்டிய வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோன் போதிய அளவு கூடாமல் இருக்கலாம். சிறுநீர்ப்பை குறைந்த அளவே கொள்ளலாம். பை நிறைந்த செய்தி மூளையை எட்டியும் உறக்கம் கலையாமல் இருக்கலாம். பரம்பரைக்கும் பங்குண்டு: தாய் தந்தை இருவருக்கும் சிறுவயதில் இது இருந்திருந்தால், பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு வருகிறது. எல்லாமே மனக்கோளாறு என்று கொண்டால், அடி பிள்ளைமேல் விழுவதற்குப் பதிலாகப் பழி தாய்மேல் விழும்.

சாட்டைக்கு எதிர்முனையில் நிற்கும் ஒரு கருவியைப் பாருங்கள். 1938-இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதியர் வெளியிட்ட முறை அது. படுக்கைக்கு அடியில் இரண்டு உலோக வலைகள். நடுவே உலர்ந்த துணி. உலர்ந்த துணி மின்சாரத்தைக் கடத்தாது. சிறுநீரில் உப்புகளின் அயனிகள் இருப்பதால், ஈரம் பட்டவுடன் மின்சுற்று மூடப்பட்டு மணி அடிக்கிறது. குழந்தை எழுந்து கழிப்பறைக்குச் செல்கிறது. இன்று உள்ளாடையில் பொருத்தும் சிறு உணரியாக இது கிடைக்கிறது. இரண்டு மூன்று மாதம் பொறுமையாகப் பயன்படுத்தினால் மூவரில் இருவர் வரை பலன் பெறுகின்றனர். சிலருக்குத் திரும்ப வருவதும் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது காலம். மணி அந்த நொடியில் அடிக்கிறது, உடல் கற்றுக்கொள்கிறது. சாட்டையோ பல மணி நேரம் கழித்து, விழித்திருக்கும் சிறுவன்மேல் விழுகிறது. நனைத்தவன் உறங்கியவன், அடிபடுபவன் விழித்தவன். அவன் எதைக் கற்றுக்கொள்வான், அச்சத்தைத் தவிர?

ஆறு மாதத்திற்கு மேல் உலர்ந்திருந்த பிள்ளைக்கு, ஆர்வெல்லுக்குப் போலத் திடீரென்று மறுபடி தொடங்கினால், மனத்தை மட்டும் பார்ப்பது போதாது. அதிகத் தாகம், உடல் மெலிவு, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், மலச்சிக்கல் உண்டா என்று பார்த்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீரிழிவோ நோய்த்தொற்றோ இப்படித் தலைகாட்டலாம். உறவினர் வீட்டில் தங்கவும், பள்ளிச் சுற்றுலா செல்லவும் அஞ்சி வெளியே சொல்லாமல் மறைக்கும் பதின்வயதினரை மேலும் கூசவைக்காமல், மருத்துவம் உண்டு என்று எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆர்வெல்லின் கட்டுரையைப் பெற்றோரும் ஆசிரியரும் அவசியம் படிக்க வேண்டும். குற்றம் செய்யாதவன் குற்றவாளி ஆக்கப்படும் விதத்தை அதில் அறியலாம். சாட்டை பலித்ததோ என்று அவர் ஐயுறும் வரியை மட்டும், நிரூபிக்கப்படாத முடிவு என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு படியுங்கள்.