புகைக்குள் எடுத்த முடிவுகள்

தீயணைப்புப் பணியைப் பற்றி அந்தப் பணியில் இருந்த பெண்களே எழுதிய புத்தகங்கள் அதிகமில்லை. அவற்றில் சிறந்தவை சாகசக் கதைகளாக நின்றுவிடுவதில்லை. கண் தெரியாத புகைக்குள், கையில் சில நொடிகளே இருக்கும்போது மனிதமனம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அவற்றின் உண்மையான விஷயம்.

கரோலின் பால் 1998இல் எழுதிய ‘ஃபைட்டிங் ஃபயர்’ இதற்கு நல்ல தொடக்கம். சான் பிரான்சிஸ்கோ தீயணைப்புத் துறை 1987 வரை பெண்களைக் களப்பணியில் சேர்த்ததில்லை. இனப் பாகுபாடும் பெண்களை ஒதுக்குவதும் அங்கே நீதிமன்றம்வரை போன வழக்குகள். வானொலிச் செய்திப் பிரிவில் இருந்த கரோலின், உள்ளே புகுந்து செய்தி சேகரிக்கலாம் என்ற எண்ணத்தில்தான் தேர்வெழுதினார். ஆனால் வேலை அவரைப் பிடித்துக்கொண்டது. பத்தாண்டுகளுக்கும் மேல் தங்கிவிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் நடுவே விரல்விட்டு எண்ணத்தக்க பெண்களில் ஒருவராக வாழ்ந்ததைப் பகை இல்லாமல், ஆனால் எதையும் பூசி மெழுகாமல் எழுதினார். பின்னர் நாவலும் சிறுமிகளுக்கான ‘தி கட்ஸி கேர்ல்’ (2016) நூலும் வந்தன.

கரோலின் எழுத்திலிருந்து நெருப்புக்குப் போனவர். சப்ரினா கோஹென்-ஹாட்டன் நெருப்பிலிருந்து எழுத்துக்கு வந்தவர். என் கணிப்பில் இன்னும் ஆழமாகப் போனவரும் இவர்தான்.

வேல்ஸில் வளர்ந்த சப்ரினா ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். பதினைந்து வயதில் வீடில்லை. தெருவில் படுத்து எழுந்து, வீடற்றோர் விற்றுப் பிழைக்கும் ‘பிக் இஷ்யூ’ இதழை விற்றார். அந்த நிலையிலும் பள்ளித் தேர்வுகளை எழுதினார். பதினெட்டு வயதில் சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறையில் சேர்ந்தார்.

ஒருநாள் அழைப்பு வந்தது: தீயணைப்பு வீரர் ஒருவருக்குக் கடும் தீக்காயம். காயம்பட்டவரின் குழுவில் இருந்தவர்கள் நால்வர். அதில் ஒருவர் சப்ரினாவின் துணைவர். வண்டி போய்ச் சேரும்வரை சப்ரினாவின் மனத்தில் ஓடியது அந்த நாலில் ஒன்று என்ற கணக்குதான். காயம்பட்டவர் வேறொருவர். நிம்மதி வந்தது, கூடவே, சக ஊழியர் வலியில் கிடக்கையில் நிம்மதி அடைந்தோமே என்ற குற்றவுணர்ச்சியும் வந்தது. அது அவரை விடவில்லை. பணியில் இருந்தபடியே கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்து முனைவர் பட்டம் பெற்றார். விபத்துகளுக்கு மனிதத் தவறு காரணம் என்று எழுதி முடித்துவிடுகிறோமே, அந்தத் தவறு எப்படிப் பிறக்கிறது என்பதே அவர் கேள்வி.

தீயணைப்பு நடவடிக்கைகளை வழிநடத்தும் அதிகாரிகளின் ஹெல்மெட்டில் அவரது குழு கேமராவைப் பொருத்தியது. ஓர் அதிகாரி நிலைமையைப் பார்க்கிறார். வழக்கப்படி அடுத்து திட்டமிட வேண்டும். ஆனால் பதிவுகளில் அந்த நடுப்படியே பெரும்பாலும் காணவில்லை. பார்த்தவுடன் உத்தரவு. ஏறக்குறைய 80 சதவீத முடிவுகள் இப்படி உள்ளுணர்வின் வழியே வந்தவை. அனுபவசாலிகளுக்கு உள்ளுணர்வு பெரும்பாலும் கைகொடுக்கும். பழைய தீயைப் போலத் தோன்றும் புதிய தீயில்தான் அது காலை வாரிவிடும்.

எனவே உத்தரவுக்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பயிற்சி தந்தார்: இதை ஏன் செய்கிறேன்? என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்? கிடைக்கும் பலன் ஆபத்துக்கு ஈடாகுமா? கேள்வி கேட்டால் நேரம் வீணாகும் என்ற அச்சம் சோதனைகளில் பொய்த்தது. திட்டமிடல் கூடியது, வேகம் குறையவில்லை. பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதலிலும் இம்முறை இடம்பெற்றது. இந்தப் பயணத்தைப் பொதுவாசகருக்குச் சொல்லும் ‘தி ஹீட் ஆஃப் தி மொமென்ட்’ 2019இல் வெளியானது. அதே ஆண்டில் சப்ரினா வெஸ்ட் சசெக்ஸின் தலைமைத் தீயணைப்பு அதிகாரியானார்.