தோடர் பூத்தையல்: இழைக்கணக்கும் மரபும்

நீலகிரித் தோடர் மகளிரின் பூத்தையலை அலங்காரக் கலை என வகைப்படுத்துவது பொதுவழக்கு. இவ்வகைப்பாடு மறுஆய்வுக்குரியது. வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் அமையும் இத்தையலுக்கு முன்வரைவோ அச்சோ இல்லை. பாவு, ஊடை இழைகளை எண்ணியே ஊசி செலுத்தப்படுகிறது. எனவே இதில் இடம்பெறும் எருமைக்கொம்பு, ஞாயிறு, மலர் முதலியன கண்டு வரைந்த உருவங்கள் அல்ல. இழைக்கணக்காக மாற்றப்பட்ட இயற்கை எனலாம். அக்கணக்கு ஏட்டில் எழுதப்பட்டதன்று. மூத்த மகளிரிடமிருந்து இளையோருக்குக் கைப்பழக்கமாக வருவது.

இத்தையல் அமைந்த 'புத்துக்குளி' என்னும் போர்வை, விழாக்காலத்தில் உடுத்தப்படுவதோடு இறந்தோர் உடலைப் போர்த்தவும் பயன்படுகிறது. வாழ்வையும் சாவையும் இணைக்கும் ஒரு துணியை அழகு நோக்கில் மட்டும் அணுகும் திறனாய்வு குறையுடையதே.

2013ஆம் ஆண்டு கிடைத்த புவிசார் குறியீடு இக்கலையின் பெயருக்குக் காப்பளிக்கிறது. பை, மேசைவிரிப்பு போன்ற புதிய வடிவங்கள் தோடர் மகளிர்க்கு வருவாய் தருகின்றன. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும், உருவத்தை அச்சுத்துணியும் பெயர்த்துவிடும். எண்ணும் விரலை அதனால் பெயர்க்க இயலாது. அடுத்த தலைமுறை எண்ணக் கற்பதைப் பொறுத்தே இம்மரபின் வாழ்வு அமையும்.