விரிசலுக்கு பைபர் போர்வை

பழவேற்காட்டில் மரப்படகு ஒன்று விரிசல் விட்டால் இன்று முதலில் எழும் யோசனை ரெசினும் பைபர் இழை விரிப்பான மேட்டும்தான். விரிசல் மேல் மேட்டை வைத்து, ஹார்டனர் கலந்த ரெசினைத் தடவினால் சீக்கிரமே தொழிலுக்குப் போய்விடலாம். பலகை தேடி, ஆசாரிக்குக் காத்திருந்து, படகைக் கரையில் கிடத்திவைக்கும் பழைய முறையோடு ஒப்பிட்டால் இந்த வாதம் லேசானதல்ல. படகு கிடந்தால் அடுப்பும் கிடக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் பெருகிவிட்டன. ரெசின் வேலை தெரிந்தவரைப் பிடிப்பது எளிது, பலகை இழைத்துப் பொருத்தத் தெரிந்தவரைப் பிடிப்பது அரிது.

வேகம் மட்டுமே அளவுகோல் என்றால் பேச்சு இங்கேயே முடிந்துவிடும். ஒட்டு நிற்குமா என்பது வேறு கேள்வி. மரம் தண்ணீர் குடித்தால் நார்களின் குறுக்குவாட்டில் உப்பும். நெடுக்கில் அநேகமாக அசையாது. ரெசின் போர்வையோ எந்தப் பக்கமும் அசையாது. நனைந்து காய்ந்து மரம் உப்பிச் சுருங்கும்போதெல்லாம் ஒட்டின் விளிம்பு இழுபடும். பழவேற்காடு ஏரியில் கிடந்த பலகை முழுசாகக் காய்வதும் இல்லை. சாதாரண பாலியெஸ்டர் ரெசின் ஈரமரத்தில் சரியாகப் பிடிக்காது. மீன் எண்ணெய் ஊறிய பலகை என்றால் கேட்கவே வேண்டாம். விளிம்பு வழியே புகும் நீர் போர்வைக்குள் தங்கி மரத்தை உளுத்துப்போகச் செய்யும். வெளியே பளபளப்பு இருப்பதால் படகுக்காரருக்கு அது தெரியாது. என் முதல் குற்றச்சாட்டு இதுதான்: இந்த ஒட்டு பழுதை ஆற்றுவதைவிட நன்றாக மறைக்கிறது.

விரிசல் எதனால் வந்தது என்பதையும் அது கேட்பதில்லை. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே உள்ள ஏரி. படகின் அடி சேற்றிலும் முகத்துவார மணல்திட்டிலும் தட்டும். துருவேறிய இரும்பு ஆணி உள்ளிருந்தே பலகையைப் பிளக்கும். பாய்க்கென்று கட்டிய படகில் எஞ்சினைப் பூட்டினால் பின்பலகை அதிரும். இவை அப்படியே இருக்கும்போது ஒட்டு மட்டும் என்ன செய்யும்?

காரணத்தை விட்டுவிட்டு ஒட்டினால் நிற்காது என்பதைத் துப்பாக்கியின் மரக்கட்டையைப் பழுதுபார்ப்பவர்கள் அறிந்தவர்கள். ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு பின்னால் உதைக்கிறது, அது கட்டையில் சரியாக உட்காராவிட்டால் உதை ஓரிடத்தில் குவிந்து மரம் பிளக்கிறது. பசை மட்டும் போட்டால் மறுபடி பிளக்கும். குறுக்கே ஆணியோ திருகோ இறக்கி, உதை வாங்கும் இடத்தையும் சீர்செய்ய வேண்டும். இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த .303 ரைபிள்கள் பலவற்றில் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகு இருக்கும். பிளந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், பிளக்கும் திசைக்குக் குறுக்கே முன்கூட்டியே கட்டிப் பிடிக்கும் யோசனை அது.

சோழமண்டலக் கரையின் மசூலா படகு வேறு வழி கண்டது. ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த பலகைகள். அலை அடித்தால் படகு நெளிந்துகொடுக்கும். நிறையக் கசியும், இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் மரத்தின் இயல்போடு அது சண்டை போடவில்லை.

பைபர் தரப்பின் வலுவான சாட்சி கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம். ரப்பர் மரத்தில் படகு செய்து, பைபர் போர்த்தி, அது உழைக்கும் என்று காட்டினார்கள். மரம் துளைக்கும் கப்பல் புழுவை அந்தப் போர்வை தடுக்கும், பெரிய லாபம். ஆனால் அங்கே மரத்துக்கு முதலில் மருந்தேற்றினார்கள், பிறகுதான் போர்வை. ஈரப்பலகையில் முழ அகல ஒட்டு போடுவதற்கு அதை ஆதாரமாக இழுப்பது நியாயமில்லை.

ஆகவே என் தீர்ப்பு பெரும்பாலும் ஆசாரி பக்கம். நார்வாக்கில் ஓடும் விரிசலை இறுக்கிப் பிடித்து, பஞ்சும் குங்கிலியமும் வைத்துக் கலப்பற்றினால் போதும். நன்றாகக் காயவைக்க முடிந்தால் எபாக்ஸி இன்னும் மேல், விலை கடிக்கும். நாருக்குக் குறுக்கே ஒடிந்த அடிப்பலகைக்கு மாற்றுப் பலகை தவிர வேறு வழியில்லை. சீசன் நடுவில் பத்து நாள் தள்ள ரெசின் ஒட்டு போடட்டும், படகு கரையேறியதும் அதைப் பிய்த்தெடுக்கும் உறுதியோடு. உள்ளே விலாச்சட்டங்களான வங்குகளே உளுத்துப்போன படகுக்குப் பலகையும் வீண், ரெசினும் வீண். அந்தக் காசைப் புதுப் படகுக்கு வைப்பதே மேல், அது பைபர் படகாக இருந்தாலும்.