யோகமாலையும் இடையறாப் பயிற்சியும்

யோகமாலை என்பது மைசூரில் வாழ்ந்த பட்டாபி ஜோயிஸ் (1915–2009) கன்னடத்தில் இயற்றி, 1962-இல் வெளிப்போந்த ஒரு நூல். 1999-இல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்ட பின்னர் அது பிறநாட்டாரிடையும் பெரிதும் பரவிற்று. ஆசிரியர் இளமையில் திருமலை கிருஷ்ணமாசாரியார்பாற் பயின்றவர். 1948-இல் மைசூரில் தமக்கென ஒரு யோகசாலை நிறுவியவர். அவர் வகுத்த நெறி அஷ்டாங்க வின்யாச யோகம் எனப்படும். அந்நெறி நிற்போர் சனிக்கிழமையும் உவாநாள்களும் ஒழிய, நாடோறும் வைகறையில் எழுந்து, ஒன்றரை மணிநேரமளவும் உடல் வியர்க்கப் பயில்வர். இத்துணைக் கடும்பயிற்சியை ஆண்டுக்கணக்கில் விடாது நிகழ்த்துவார்க்கு இந்நூல் எவ்வளவு துணையாம் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் நூலின் நலம் கூறுவாம். சூரிய நமஸ்காரத்தின் முதல்வகை 9 வின்யாசமும் இரண்டாம்வகை 17 வின்யாசமும் உடையனவாக எண்ணி வகுக்கப்பட்டுள்ளன. எவ்வசைவு மூச்சை உள்வாங்குங்காற் செய்யற்பாலது, எது வெளிவிடுங்காற் செய்யற்பாலது, கண் எங்கே நோக்கவேண்டும் என்பன ஐயமற உரைக்கப்பட்டன. அதன்மேல் ஆதனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒழுங்கில் தொடர்கின்றன. இவ்வொழுங்கின் பயனை ஏட்டளவிற் படிப்போர் உணரார். விடியலில் எழுந்து நின்றாரே உணர்வர். இன்று எதனைச் செய்வோம், எதனை விடுவோம் என்று மனம் வழக்காடத் தொடங்குமாயின், அவ்வழக்கிலேயே பொழுது புலர்ந்துவிடும். ஒழுங்கு முன்னமே முடிவாயிருத்தலின் மனத்திற்கு அவ்விடம் இல்லையாகின்றது. கை கூப்பினால் அடுத்தது தானே வரும். பயிற்சியை நிலைநிறுத்துதற்கு இதனினும் எளிய உபாயத்தை யாம் கண்டிலேம்.

ஒவ்வோர் ஆதனமும் இன்னின்ன நோயைத் தீர்க்குமென நூல் கூறும் பகுதிகள் பல உள. அவற்றை மருத்துவர் ஆராய்க, யாம் மேற்செல்வாம்.

இனிக் குறைபாடு ஒன்றுண்டு. அது சிறிதன்று. இளையோர், முதியோர், நோயுற்றோர், மெலிந்தோர் யாவரும் பயிலலாம், சோம்பர்க்கு மட்டுமே யோகம் இல்லை என்பது இவ்வாசிரியர் பலகாலும் வற்புறுத்திய கருத்து. இக்கருத்துப் பழைய அடயோக நூல்களினின்று வந்ததே. ஆயினும் அதனைக் கேட்டோர் வேறொரு முடிபைத் தாமே கூட்டிக்கொள்கின்றனர்: பயிற்சி இடையற்றதேல் பயின்றவன் சோம்பனே என்பது அது. பதஞ்சலியார் யோகத்திற்கு இடையூறுகளை எண்ணியபோது ஒன்பது கூறினார். அவற்றுள் முதற்கண் நிற்பது நோய். சோம்பல் பின்னரே வருகின்றது. ஐயமும், அடைந்த நிலையில் நிற்கலாற்றாமையும் அவ்வொன்பதனுள் அடங்குவனவே. ஒன்பது வாயிலால் வரும் பகையை ஒரு வாயிலாலேயே வருவதாகக் கொண்டு காவல் புரிவோன் கோட்டையை இழப்பான்.

எம் செய்தி ஒன்று கூறின் குற்றமாகாது. யாம் இந்நூலை முன்வைத்து ஆறாண்டு பயின்றோம். முதல் வரிசையில் ஒரு காலைப் பதுமமாக மடித்துச் செய்யும் ஆதனங்கள் சில உள. அவற்றுள் மரீச்யாசனத்தின் நான்காம்வகையில் எம் இடமுழந்தாள் சிலநாள் நொந்தது. நோவைப் பொருட்படுத்துதல் சோம்பலுக்கு இடந்தருதலாம் என்றெண்ணி மேலும் மடித்தோம். பின்னர் நான்கு திங்கள் படியேறலாகாமற் கிடந்தோம். அந்நான்கு திங்களும் எம்மை வருத்தியது முழந்தாளினும், 'விட்டுவிட்டோம்' என்னும் நாணமே.

அற்றேல், கண்டிப்பின்றிப் பயிற்சி நிலைக்குமோ எனின், கண்டிப்பு வேண்டற்பாலதே. ஆயின் பதஞ்சலியார் அப்பியாசத்தைத் தனித்துக் கூறினாரல்லர்; வைராக்கியத்தோடு இணைத்தே கூறினார். அப்பியாசம் உறுதிப்படுதற்கும் நெடுங்காலம், இடையறாமை, ஆதரம் என மூன்றனை வேண்டினார். இக்காலத்தார் நடுவிலுள்ள ஒன்றையே பற்றிக்கொண்டனர். நெடுங்காலம் என்றதனால், நாற்பதாண்டு நோக்கில் நான்கு திங்கள் சிறிதென்பது பெறப்படும். ஆதரம் என்றதனால், பயில்வோன் தன்னுடலைப் பகைத்தல் தகாதென்பது பெறப்படும். ஆதனத்திற்கு அவர் தந்த சூத்திரங்களோ மூன்றே. நிலைபேறும் இன்பமும் அதற்கு இலக்கணமாகவும், முயற்சி தளர்தல் அது கைகூடும் வழியாகவும் ஓதப்பட்டன. நம் திருமூலரும் மூன்றாந் தந்திரத்தில் ஆதனத்தைச் சில பாடல்களில் முடித்துப் பிராணாயாமத்திற்கே மிகுதியும் இடந்தந்தார். யோகமாலையோ தொடக்கத்தில் இயம நியமங்களைப் பேசினும், பின்னர் ஆதனத்திலேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. இது செய்வேன், இது செய்துவிட்டேன் என்னும் ஆணவம் புகுதற்கு இதனினும் அகன்ற வாயில் வேறில்லை.

மற்றொன்றும் மறைத்தல் தகாது. ஆதனத்தைத் திருத்துவார்போல் அவர் தம்மைத் தகாதவாறு தொட்டனரென மாணாக்கியர் சிலர் வெளிப்படக் கூறினர். 2019-இல் அவர் பெயரர் அதுகுறித்து வருந்தி மன்னிப்புக் கோரினார். ஆசிரியர்பால் வைத்த நம்பிக்கையே தம் பயிற்சிக்குத் தூணாகக் கொண்டிருந்தார் பலர் அப்பொழுது பயிற்சியையே கைவிட்டனர். அவரைச் சோம்பர் என்பார் யார்? ஒழுங்கும் மூச்சும் ஒருவர் உடைமையல்ல என்று தெளிந்து பயிற்சியைத் தொடர்ந்தாரும் உளர். இவ்விருவருள் ஒருவரையும் யாம் இகழோம்.

ஆகலின் இந்நூலை வாங்கற்க என்கிலேம். சூரிய நமஸ்காரப் பகுதியும் நின்று செய்யும் ஆதனங்களும் யாவர்க்கும் பயன்படும்; எஞ்சியவற்றை ஆசிரியரொருவர் அருகிருந்து பார்க்கப் பயில்க. எம் பிரதியில் அம்முதற் பக்கங்கள் கைபட்டுக் கறுத்துள்ளன. அவற்றை விரித்துவைத்தே இன்றும் அரைமணி நேரம் பயின்று, பின் சிறிது பொழுது மூச்சை நோக்கி அமர்கின்றோம். மரீச்யாசனப் பக்கத்தை மூன்றாண்டாகத் திறந்திலேம்.